மெயின்டனன்ஸ் என்றால் என்ன வேலை?



கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள். சொல்லப்போவது சிஎச்மோட் என்ற ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கட்டளையைப் பற்றி. கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் “எங்களுக்குத் தெரியாததா டீச்சர்” என்று தள்ளிவிட வேண்டாம். படிக்காதவர்கள் “நமக்கு எதுக்கு” என்றும் விட வேண்டாம். நடுவில் ஒரு கல்யாணப் பேச்சும் நம் காட்டுப் பத்திரமும் வருகிறது.

என் அக்கா பேரன் பெங்களூரில் ஒரு கம்பெனியில் இருப்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அவனுக்குப் பெண் பார்க்கத் திருச்செங்கோட்டுப் பக்கம் போயிருந்தோம். பெண்ணின் அப்பா நல்ல மனிதர், முன்னால் ரிக் வண்டி வைத்திருந்தவர். “மாப்பிள்ளை கம்பெனியில என்னங்க வேலை பாக்கறாரு?” என்று கேட்டார். பையன் உள்ளதைச் சொல்லிவிட்டான்: “மெயின்டனன்ஸுங்க.” அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, “ஏசி, லிஃப்ட் எல்லாம் பாத்துக்கறதுங்களா?” என்றார். கேலி கிடையாது, உண்மையாகவே கேட்டார். எங்கள் பக்கத்து ஆட்களே இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். பையன் முகம் சுண்டிப்போயிற்று.

திரும்பி வரும்போது காரில் சொன்னான், “சின்ன அம்மாயி, நான் வேற டீமுக்கு மாறிடறேன். புதுசா ஏதாவது செய்யற டீம். நாலு வருசமா யாரோ எழுதி வெச்சுட்டுப் போன பழைய புரோகிராமைக் கட்டிட்டு அழறேன். வெளியில சொல்லிக்க ஒண்ணுமில்ல.”

அவன் பார்க்கும் வேலை என்னவென்று நான் விவரமாகக் கேட்டேன். அந்தக் கம்பெனியில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள். ஒவ்வொன்றிலும் லட்சக்கணக்கான கோப்புகள். எந்தக் கோப்பை யார் படிக்கலாம், யார் திருத்தலாம், யார் ஓட்டலாம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. இரவு நேரத்தில் ஒரு சின்னக் கட்டளை எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்து, பட்டியலுக்கு மாறாக எது இருந்தாலும் சொல்லும். சிலவற்றைத் தானே சரிசெய்யும். அந்தக் கட்டளையை எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். இப்போது அதைப் பார்த்துக்கொள்வது இவன்.

எனக்கு அது கொஞ்சம் புரிந்தது. காரணம், அவனுடைய பழைய மடிக்கணினிதான்.

2011 செப்டம்பர் 15-ல் ஆரம்பித்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அவன் +2 படிக்கும்போது கிடைத்தது அது. (அடுத்த மாதமே, அந்த அக்டோபரில்தான், யூனிக்ஸை உருவாக்கிய இருவரில் ஒருவரான டென்னிஸ் ரிச்சி காலமானார். நம் ஊரில் அப்போது யாருக்குத் தெரியும்!) அவனுக்குக் கம்பெனி கம்ப்யூட்டர் வந்ததும் இதை என்னிடம் விட்டுவிட்டுப் போனான். ஆன் செய்தால் விண்டோஸா, பாஸ் லினக்ஸா என்று கேட்கும். பாஸ் என்றால் பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். மத்திய அரசின் சிடாக் நிறுவனம், சென்னையில், டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்துச் செய்தது, 2007-ல் வெளிவந்தது. மடிக்கணினி வாங்கிய பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தப் பக்கம் போய்ப் பார்த்திருப்பார்கள் என்று தெரியாது. விண்டோஸ் பக்கம் ஆமை மாதிரி ஆகிவிட்டதால் நான் போனேன்.

போனதும் முதலில் பார்த்தது, ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் நிற்கும் எழுத்துகள். ஆர், டபிள்யூ, எக்ஸ். பிறகு எண்கள்: 644, 640, 755. கணக்கு டீச்சருக்கு எண்ணைக் கண்டால் விட மனசு வருமா?

எங்கள் வகுப்பில் தராசு வைத்துப் பாடம் நடத்தியது நினைவிருக்கிறதா கண்ணுகளா? ஒரு கிலோ, இரண்டு கிலோ, நான்கு கிலோ என்று மூன்றே படிக்கல் இருந்தால் போதும். ஒன்றிலிருந்து ஏழு கிலோ வரை எதையும் நிறுக்கலாம். அதுவும் ஒவ்வொரு எடைக்கும் ஒரே ஒரு வழிதான். ஐந்து என்றால் நாலும் ஒன்றும், வேறு எப்படியும் வராது. சிஎச்மோட் அதே கணக்கு. படிக்க அனுமதி 4, எழுத 2, ஓட்ட 1. மூன்று இலக்கத்தில் முதல் எண் கோப்புக்கு உரியவருக்கு, இரண்டாவது அந்தக் கோப்புக்கென்று குறித்த குழுவுக்கு, மூன்றாவது மற்ற எல்லாருக்கும். 640 என்றால் உரியவர் படிக்கலாம், எழுதலாம். குழு படிக்க மட்டும். மற்றவர்களுக்குக் கதவு சாத்தியிருக்கிறது. நம் பள்ளியின் மதிப்பெண் பதிவேடு 640 தானே? வகுப்பாசிரியர் எழுதுவார், மற்ற ஆசிரியர்கள் பார்ப்பார்கள், வெளியாள் தொட முடியாது.

பேரன் சொன்னான், பொறுமையில்லாதவர்கள் எதற்கெடுத்தாலும் 777 போட்டுவிடுவார்களாம். எல்லாருக்கும் எல்லாமும். வேலை உடனே நடந்துவிடும். கதவைக் கழற்றி வைத்தால் சாவி தேட வேண்டாம் அல்லவா, அந்த மாதிரி. அவனுடைய இரவுக் கட்டளை பிடிப்பதில் முக்கால்வாசி இந்த 777-தானாம்.

இந்தக் கட்டளைக்கு வயது என்ன தெரியுமா? அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் செய்த யூனிக்ஸின் முதல் கையேட்டின் தேதி 1971 நவம்பர் 3. அதிலேயே சிஎச்மோட் இருக்கிறது. நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத காலம். ஆனால் அன்றைக்கு அது இன்றைய சிஎச்மோட் இல்லை. குழு என்ற ஒன்றே அப்போது கிடையாது; உரியவர், மற்றவர் என்று இரண்டே பிரிவு. எண்களும் வேறு. உரியவர் எழுத 4, படிக்க எட்டடிமான எண்ணில் 10. சில வருடத்தில் குழு வந்தது, எண்கள் மாறின. 1975-ல் வந்த ஆறாம் பதிப்பின் கையேட்டைப் பார்த்தால் நாம் இன்று போடும் அதே 4, 2, 1, அதே மூன்று இலக்கம்.

அதற்கப்புறம் அதை மாற்றவே இல்லை. ஐம்பது வருடம்.

மாற்ற ஆசை இல்லாமல் இருந்திருக்குமா? நிச்சயம் இருந்திருக்கும். எண் எல்லாருக்கும் புரிவதில்லை. அதற்காக எண்ணை எடுத்துவிடவில்லை. பக்கத்திலேயே எழுத்தில் சொல்லும் இன்னொரு வழியைச் சேர்த்தார்கள். 1979-ன் ஏழாம் பதிப்பில் அது இருக்கிறது: யூ என்றால் உரியவர், ஜி என்றால் குழு, ஓ என்றால் மற்றவர். (ஓ என்றால் ஓனர் என்று நினைத்து விடாதீர்கள், அது ‘அதர்ஸ்’. இந்தப் பெயர் வைத்தவரை வகுப்பில் எழுப்பி நிற்க வைத்திருப்பேன்.) பழைய எண்ணும் ஓடும், புது எழுத்தும் ஓடும்.

ஒரே ஒரு குறிக்கு மட்டும் அர்த்தமே மாறிப்போன கதை சுவையானது. ‘டி’ என்று ஒரு குறி, ஒட்டும் பிட் என்பார்கள். ஒரு புரோகிராமை அடிக்கடி ஓட்டுவோம், முடிந்த பிறகும் வட்டிலிருந்து சட்டென்று எடுக்க வசதியாக ஒட்டி வைத்துக்கொள் என்பதற்காக வந்தது. இயந்திரங்கள் வேகமாகிவிட்ட பிறகு அந்த வேலைக்கு அது தேவைப்படவில்லை. 1980-களில் பெர்க்லி பல்கலைக்கழக யூனிக்ஸில் அதே குறியை ஃபோல்டர்களுக்கு வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்: எல்லாரும் எழுதும் பொது ஃபோல்டரில், அவரவர் வைத்ததை அவரவர்தான் எடுக்கலாம். பள்ளி அறிவிப்புப் பலகை மாதிரி. யாரும் ஒட்டலாம், அடுத்தவர் ஒட்டியதைக் கிழிக்கக் கூடாது. பெயர் பழையது, வேலை புதியது. பயனில்லாமல் கிடந்த இடத்தில்தான் கை வைத்தார்கள், யாராவது சார்ந்திருந்த இடத்தில் இல்லை.

இனி நம் வீட்டு விஷயம். உறவுகள் எல்லாரும் படிக்கிறீர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

2019-ல் அம்மா போன பிறகு சேந்தமங்கலத்துக் காட்டுக் காகிதங்களை ஒரே இடத்தில் வைக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. பெரியண்ணன், சின்னண்ணன், அக்கா, நான், தம்பி என்று ஐந்து பேர். பத்திரம், பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, அப்பா கைப்பட எழுதிய கிணற்றுப் பங்குக் கணக்கு, எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அந்த மடிக்கணினியில் ஏற்றினேன். சின்னண்ணன் ஒரு கேள்வி கேட்டார்: “ஏம்மா, எல்லாம் உங்கிட்ட இருக்குது. நாளைக்கு நீ ஒண்ணை மாத்தி வெச்சா எங்களுக்கு எப்படித் தெரியும்?” மற்றவர்கள் அவரை அதட்டினார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. சொத்து விஷயத்தில் அது நியாயமான கேள்வி. கேட்காமல் மனதில் வைத்துக்கொண்டிருந்தால்தான் விஷம்.

வெறும் 440 போட்டால் அவர் கேள்விக்குப் பதில் ஆகாது. உரியவர் தன் அனுமதியைத் தானே எப்போது வேண்டுமானாலும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். நான் உரியவளாக இருக்கும்வரை பூட்டும் நானே, சாவியும் நானே. அதனால் பேரன் வேறு ஏற்பாடு செய்தான். ‘பத்திரம்’ என்று யாரும் உள்ளே நுழையாத ஒரு கணக்கை உண்டாக்கி, எல்லாக் கோப்பையும் அதன் பெயருக்கு மாற்றினான். உரிமையை அப்படி மாற்ற ரூட் என்ற தலைமைக் கணக்கால்தான் முடியும். ஐந்து பேரும் ஒரு குழு. கோப்புகள் 440, ஃபோல்டர் 750. இதில் பலருக்குத் தெரியாத ஒன்று: ஒரு கோப்பை அழிக்க அந்தக் கோப்பின் அனுமதி போதுமா என்று கம்ப்யூட்டர் பார்ப்பதில்லை, அது இருக்கும் ஃபோல்டரில் எழுத அனுமதி உண்டா என்றுதான் பார்க்கும். கோப்பை மட்டும் பூட்டிவிட்டு ஃபோல்டரைத் திறந்து போட்டால், படிக்க மட்டும் என்று வைத்த பத்திரத்தை அப்படியே தூக்கி வீசிவிடலாம். அதனால்தான் ஃபோல்டருக்கும் குழுவுக்கு எழுதும் அனுமதி இல்லை. ரூட்டின் கடவுச்சொல்லில் முதல் பாதி பெரியண்ணனிடம், மறுபாதி தம்பியிடம்.

சின்னண்ணன் அடுத்த கேள்வியும் கேட்டார். பென் டிரைவில் எனக்கு ஒரு காப்பி கொடுத்தால் அதிலும் இந்தப் பூட்டு இருக்குமா? இருக்காது. நாம் சாதாரணமாக வாங்கும் பென் டிரைவ்களின் அமைப்பில் யார் உரியவர், என்ன அனுமதி என்று எழுதி வைக்க இடமே கிடையாது. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறு இயந்திரத்தில் மாட்டினாலும் பார்த்துவிடலாம். இந்தக் காவல் அந்த இயந்திரம் ஓடும்வரை, அதன் வழியாக வருபவர்களுக்கு. அதையும் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுத்தான் வைத்தோம். மூலப் பத்திரம் பீரோவில் இருக்கிறது.

2022-ல் அந்த மடிக்கணினி கண்ணை மூடிவிட்டது. சேலத்தில் ஒரு பழைய டெஸ்க்டாப் வாங்கி, டெபியன் போட்டு, பேரன் முன்பே டார் கட்டளையில் மூட்டை கட்டி வைத்திருந்ததை ரூட்டாக இருந்து பிரித்தான். எத்தனையோ பதிப்பு தாண்டி வந்த லினக்ஸ். ஆனால் 440 அதே 440. சின்னண்ணன் வந்து தன் பெயரில் உள்ளே போய், சிட்டாவைத் திறந்து பார்த்தார். திருத்திப் பார்த்தார். முடியாது என்று சொல்லிவிட்டது. காபி குடித்துவிட்டுப் போனார்.

அந்த எண்ணுக்கு நடுவில் யாராவது வேறு அர்த்தம் கொடுத்திருந்தால்? ஏழைத் தலைகீழாக்கி, 4 இனிமேல் எழுதுவதற்கு என்று யாரோ ஒரு புத்திசாலி ‘மேம்படுத்தி’யிருந்தால்? எங்கள் ஐந்து பேருக்கு நடுவில் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இதை யார் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கத் தோன்றியது. சிஎச்மோட் என்று தட்டி, பக்கத்தில் இரண்டு கோடு போட்டு வெர்ஷன் என்று கேட்டால், கடைசி வரியில் எழுதியவர் பெயர் வரும். டேவிட் மெக்கன்சி, ஜிம் மேயரிங். யூனிக்ஸ் விலைக்கு விற்கப்பட்டதால், யாரும் இலவசமாகப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய ஒன்றைச் செய்வோம் என்று ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் குனூ திட்டத்தை அறிவித்தாரே, அதற்காக மறுபடி எழுதப்பட்டது இந்த சிஎச்மோட். பாஸ் லினக்ஸில் இருந்ததும் இதுதான், இப்போது என் மேசையில் இருப்பதும் இதுதான். கோர்யூட்டில்ஸ் என்ற மூட்டையில் இன்னும் நூறு சின்னக் கட்டளைகளோடு இருக்கிறது. மேயரிங் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டார். அவரோடு அயர்லாந்துக்காரர் பாட்ரெய்க் பிரேடியும் இன்னும் சிலரும் பொறுப்பில் சேர்ந்தார்கள்.

என்ன வேலை இருக்கப்போகிறது, மூன்று எண்ணை மாற்றும் கட்டளையில்? நானும் அப்படித்தான் கேட்டேன். பேரன் சொன்னதில் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். ஒரு ஃபோல்டரும் அதற்குள் உள்ள எல்லாமும் என்று சொன்னால் கட்டளை ஒவ்வொன்றாக உள்ளே இறங்கும். இறங்கிக்கொண்டிருக்கும்போதே ஒருவன் ஒரு ஃபோல்டரை எடுத்துவிட்டு, அதே பெயரில் வேறு இடத்துக்கு வழிகாட்டும் இணைப்பை வைத்துவிட்டால்? கட்டளை ஏமாந்து வேறு யாருடைய கோப்பின் பூட்டையோ திறந்துவிடும். அந்த இடைவெளிகளை ஒவ்வொன்றாக அடைக்க வேண்டும். இணைப்புகளைப் பின்தொடர வேண்டுமா, வேண்டாமா என்று நாமே தீர்மானிக்கப் புதிய தெரிவுகள் 2024-ல்தான் சேர்ந்தன. ஐம்பத்து மூன்று வயதுக் கட்டளைக்கு! கேட்டால்தான் வேலை செய்யும். கேட்காதவர்களுக்கு எதுவும் மாறாது.

ஒரு விஷயத்தில் எனக்கு அவர்களோடு முழு உடன்பாடு இல்லை. முழு கம்ப்யூட்டரின் வேர் ஃபோல்டரிலிருந்தே எல்லாவற்றையும் மாற்று என்று தவறிச் சொல்லிவிட்டால், அழிக்கும் கட்டளையான ஆர்எம் மறுத்துவிடும். சிஎச்மோட் தானாக மறுக்காது. தடுக்கும் தெரிவு இருக்கிறது, ஆனால் நாம்தான் கேட்க வேண்டும். பழைய வழக்கத்தை மதிப்பது சரி, இதில் கொஞ்சம் அதிகம் மதித்துவிட்டார்கள் என்பது என் எண்ணம். பேரன் ஒத்துக்கொள்ளவில்லை. “யாரோ ஒருத்தர் அதை நம்பி வேலை ஓட்டிட்டிருப்பாங்க அம்மாயி” என்றான். அப்படிச் சொல்லும்போது அவன் குரலில் இருந்த தீர்மானத்தை அவனே கவனிக்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது வேறு. ஒரு பிழை கண்டுபிடித்துத் திருத்தினால் அதோடு விடுவதில்லை. அந்தப் பிழை மறுபடி வந்தால் பிடிக்க ஒரு சோதனை எழுதி வைத்துவிடுவார்கள். சிஎச்மோட்டுக்கு என்றே தனி ஃபோல்டரில் இப்படிச் சோதனைகள் சேர்ந்திருக்கின்றன. நாம் பழைய வினாத்தாள்களைக் கட்டி வைப்போமே, அதேதான். அதன் அருமை இப்போது தெரிகிறது. ரஸ்ட் என்ற புது மொழியில் இந்தக் கட்டளைகளையெல்லாம் வேறு ஒரு குழு மறுபடி எழுதி வருகிறது. 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10-ல் அதைத்தான் முன்னிருப்பாக வைத்தார்கள். அந்தப் புதியவர்கள் தங்கள் தேர்ச்சியை எதை வைத்து அளக்கிறார்கள் தெரியுமா? குனூவின் அந்தப் பழைய சோதனைகளில் எத்தனை தேறினோம் என்று.

பேரன் கம்பெனியிலும் இதே கதை நடந்தது. அவன் கட்டளை காலையில் கொடுக்கும் அறிக்கையைப் பார்க்க நன்றாக இல்லை, வரிசையை மாற்று என்று மேலிருந்து சொன்னார்கள். பத்து நிமிஷ வேலை. இவன் மாற்றவில்லை. தேடிப் பார்த்தான். இன்னொரு பிரிவின் புரோகிராம் ஒன்று அந்த அறிக்கையின் மூன்றாவது பத்தியைப் படித்து, வேலையை விட்டுப் போனவர்களின் கதவுகளைச் சாத்திக்கொண்டிருந்தது. வரிசை மாறினால் அது வேறு பத்தியைப் படிக்கும், யாருக்கும் உடனே தெரியாது. பழைய அறிக்கையை அப்படியே விட்டு, அழகான அறிக்கை வேண்டுபவர்களுக்குப் புதிதாக ஒரு தெரிவு சேர்த்தான். ஒரு வாரம் ஆயிற்று. அந்த வருட மதிப்பீட்டில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

இதைத்தான் நான் திருச்செங்கோட்டில், அவர்கள் சிரித்து முடித்த பிறகு, பெண்ணின் அப்பாவிடம் வேறு மாதிரி சொன்னேன். “உங்க ரிக் வண்டி மத்தியப் பிரதேசம், ஒடிசான்னு மாசக்கணக்கில போகும்போது ஒரு ஃபிட்டரைக் கூட்டிட்டுத்தானுங்களே போவீங்க? அவரு ஒரு அடி கூடத் துளை போட மாட்டாருங்க. அவரு இல்லாம வண்டியை எடுப்பீங்களா?” அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஃபிட்டர் சரியில்லாம ராத்திரி காட்டுக்குள்ள நின்னிருக்கறனுங்க” என்று ஆரம்பித்தவர், பையனிடம் முக்கால் மணி நேரம் பேசினார். எங்களை விட நல்ல கேள்விகள் கேட்டார். ஒரு பாகம் தேய்கிறதென்று முன்கூட்டியே எப்படித் தெரியும் என்பது அதில் ஒன்று. கல்யாணம் தை மாதம். பத்திரிகை தனியாக வரும்.

டீம் மாறுவது பற்றி அவன் இன்னும் முடிவு செய்யவில்லை. நான் கட்டாயப்படுத்தவும் இல்லை, சம்பளம் அவனுடையது. நம் மாணவர்களில் மென்பொருள் துறையில் இருப்பவர்கள் யாராவது அவனிடம் பேசினால் நல்லது. மாறியவர்கள், மாறாதவர்கள் இரண்டு தரப்பும்.

இன்னொன்று. நம் பள்ளியின் 1985 முதல் 2005 வரையான குழுப் படங்களை இதே கம்ப்யூட்டரில் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். 1991, 1996 இரண்டும் கிடைக்கவில்லை. வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள், ஸ்கேன் செய்து உடனே கையில் கொடுத்துவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கிவிடுகிறது. முன்னாள் மாணவர் குழுவுக்குப் படிக்கும் அனுமதி உண்டு. திருத்தும் அனுமதி கிடையாது, முக்கியமாக, தன் பக்கத்தில் நிற்பவனை வெட்டிவிட்டுப் படம் கேட்ட அந்த ஒருவனுக்கு.